யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5: கண்டி ஏன் அவ்வளவு நாள் விழலன்னு வெளங்க வைக்கிற கேம்

2025 நவம்பர் 4ஆந் தேதி யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5ன்னு ஒரு கம்ப்யூட்டர் கேம் வெளிய வந்துச்சு. வந்ததுல இருந்து இந்த வகை கேம் விளையாடுற ஆளுங்க வேற பேச்சே பேசுறதில்ல, ஹட்டன், பண்டாரவளை, கண்டின்னு நம்ம பக்கமும் அங்கங்க ஒரு நாலஞ்சு பேர் இருக்கத்தான் செய்றாங்க, அவங்கள்ல பாதிப் பேருக்கு ராத்திரி தூக்கமே போயிருச்சு. ஆனா விளையாடாத ஆளு பக்கத்துல வந்து எட்டிப் பாத்தா ஒன்னும் வெளங்காது. ஒரு உலகப் படம், அதுக்கு மேல பத்துப் பதினஞ்சு ஜன்னல், எல்லாத்துலயும் நம்பர். சுடுறது இல்ல, ஓடுறது இல்ல, கார் இல்ல. இதுல என்ன இருக்குன்னு இவங்க இப்படிக் கொண்டாடுறாங்க, அதத்தான் கொஞ்சம் விளக்கமா எழுதலாம்னு பாக்குறேன்.

மொதல்ல பின்னணி. பாரடொக்ஸ்னு ஒரு சுவீடன் கம்பெனி, அவங்களோட பொழப்பே வரலாற்று கேம்தான். யூரோப்பா யூனிவர்சாலிஸ் முதல் பாகம் 2000ல வந்துச்சு, அதுக்கும் முன்னாடி அது பிரான்ஸ்ல ஒரு போர்ட் கேமா இருந்தது. நாலாவது பாகம் 2013 ஓகஸ்ட்ல. அதுக்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அதையே போட்டு அரைச்சிக்கிட்டு இருந்தாங்க, ஒன்னு மாத்தி ஒன்னு காசு குடுத்து வாங்குற டிஎல்சின்னு கூடுதல் பாகம் வேற, எல்லாத்தையும் வாங்கணும்னா ஒரு மாட்டையே வித்துப் போடணும். அஞ்சாவத செஞ்சது ஸ்பெயின்ல இருக்குற அவங்களோட டிண்டோ ஸ்டூடியோ, தலைமை யோஹான் ஆண்டர்சன், இந்தத் தொடர ஆரம்பத்துல இருந்து பாத்துக்கிட்டு வர்ற ஆளு. 2024 பிப்ரவரில இருந்தே கேம் பேரச் சொல்லாம "ப்ரொஜெக்ட் சீசர்"னு ஒரு பொய்ப் பேர் வச்சிக்கிட்டு வாராவாரம் என்ன செய்றோம், எப்படி செய்றோம்னு எழுதி வெளிய விட்டாங்க. பேரு தான் மறைவு, என்ன கேம்னு எல்லாருக்கும் அப்பவே தெரியும். நாட்டு நாட்டா வரைபடத்தையும் போட்டு, இது தப்பு, எங்க ஊரு இங்க இல்ல அங்க இருக்குன்னு ஆளுங்க சொன்னதக் கேட்டு திருத்தவும் செஞ்சாங்க. ஆளுங்களுக்கு இந்த கேம் மேல இருக்குற பாசத்துல ஒரு பங்கு இதுனாலதான்னு நான் நினைக்கிறேன், வெளிய வர்றதுக்கு முன்னாடியே அது அவங்களோடதும் ஆயிருச்சு.

கேம் 1337ல தொடங்கி 1837 வரைக்கும் போகுது, ஐந்நூறு வருஷம். ஏதாவது ஒரு நாட்ட எடுத்து நீங்க நடத்தணும். நீங்க ராசா இல்ல, ராசா செத்துக்கிட்டே இருப்பாரு, நீங்க அந்த நாடு. ஜெயிக்கிறதுன்னு ஒன்னு இதுல கிடையாது. ஓட்டமன் 1337ல அனதோலியாவுல ஒரு சின்னத் தலைவனோட துண்டு நிலம், அத வச்சி பேரரசு கட்டலாம். இல்ல நாடு நாசமாப் போறத பொறுமையா பாத்துக்கிட்டும் இருக்கலாம், அதுலயும் ஒரு ருசி இருக்கு, நம்பலன்னா விளையாடிப் பாருங்க.

பழசுல இருந்த பெரிய குறை என்னன்னா பொயின்ட். நாலாவது பாகத்துல ராசா எவ்வளவு கெட்டிக்காரனோ அதுக்குத் தகுந்த மாதிரி மாசாமாசம் நிர்வாகப் பொயின்ட், ராஜதந்திரப் பொயின்ட், படைப் பொயின்ட்னு மூணு வகை சேரும். புடிச்ச ஊர உங்க ஊரா மாத்த பொயின்ட், ஊர வளக்க பொயின்ட், புதுசா ஒன்னு கண்டுபிடிக்க பொயின்ட். ஒரு பட்டன அமுக்குனா ஒரு பட்டிக்காடு ஒரு செக்கன்ல பட்டணம் ஆயிரும். அந்தப் பட்டணத்துக்கு சனம் எங்க இருந்து வந்துச்சு, என்னத்த சாப்பிடுதுன்னு எவனும் கேக்க மாட்டான். விளையாட நல்லாதான் இருந்துச்சு, நானும் விடிய விடிய விளையாடி இருக்கேன், ஆனா அது வரலாறு இல்ல, வரலாற்று வேஷம் போட்ட கெரம் போர்டு.

அஞ்சாவதுல அந்தப் பொயின்ட் எல்லாத்தையும் தூக்கிக் கடாசிட்டாங்க. அதுக்குப் பதிலா வந்தது மனுசன். உலகத்த 28,000க்கு மேல சின்னச் சின்ன இடங்களாப் பிரிச்சி, ஒவ்வொரு இடத்துலயும் எத்தன பேர் இருக்காங்க, என்ன இனம், என்ன மதம், குடியானவனா கூலி வேல செய்றவனா வியாபாரியா பிரபுவா சாமியாரா அடிமையான்னு கணக்கு வச்சிருக்காங்க. நம்ம தோட்டத்து செக்ரோல, அதான் வேலையாளுங்க பேர் பதியிற ஏட்ட நெனச்சிக்கங்க, அது உலகம் முழுசுக்கும், பேர் இல்லாம தொகை மட்டும். ஒரு கட்டடம் கட்டுனா அதுல வேல செய்ய ஆள் வேணும். வயல்ல இருந்த ஆள பட்டறைக்கு இழுத்தா சாப்பாடு குறையும். சாப்பாடு குறைஞ்சா சனம் சாகும், இல்ல வேற இடத்துக்குப் போகும். படைக்கு ஆள் எடுத்தாலும் அதே சனத்துல இருந்துதான் எடுக்கணும், செத்தவன் செத்தவன்தான், சண்ட முடிஞ்சி பாத்தா அடுத்த அறுவடைக்கு ஆள் இருக்காது.

இது எவ்வளவு தூரம் உறைக்கும்னு ஒரு உதாரணம் சொல்றேன். இங்கிலாந்த எடுக்கிறீங்கன்னு வச்சிக்கங்க. 1337ல பிரான்சோட நூறாண்டுப் போர் அப்பத்தான் மூளுது. நீங்க ஒரு பத்து வருஷம் கஷ்டப்பட்டு சந்தைய வளத்து, கம்பளி நெசவு போட்டு, கல்லாப் பெட்டில கொஞ்சம் காசும் சேத்து, இனி பிரான்ஸ ஒரு கை பாக்கலாம்னு நிமிர்ற நேரத்துல கிழக்குப் பக்கம் ஒரு அறிவிப்பு வரும், எங்கயோ ஒரு ஊர்ல நோய்னு. நீங்க கண்டுக்க மாட்டீங்க. வரைபடத்துல அது துறைமுகம் துறைமுகமா ஊந்துக்கிட்டே வரும். நெசத்துல அந்தப் பெரிய கொள்ளை நோய் 1347ல சிசிலிக்கு வந்து எறங்கி, அடுத்த சில வருஷத்துல ஐரோப்பாவுல மூணுல ஒரு பங்குக்கும் மேல சனத்த அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. கேம்லயும் கிட்டத்தட்ட அப்படியேதான். நீங்க கட்டுன பட்டறை எல்லாம் நிக்குது, உள்ள வேல செய்ய ஆள் இல்ல. வரி பாதிக்கு விழுந்துருச்சு. தடுக்க வழியே இல்ல, கொஞ்சம் தணிக்கலாம், அவ்வளவுதான். முதல் தடவ இத பாக்குற ஆளுங்க வாயடைச்சிப் போறாங்க, அப்புறம் திட்டுறாங்க, அப்புறம் இன்னொரு நாட்ட எடுத்து முதல்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. கேம் கம்பெனி ஒன்னு தன்னோட கேம் தொடங்கி பத்தே வருஷத்துல விளையாடுறவன் சேத்தத எல்லாம் அழிக்கத் துணிஞ்சிருக்கே, அந்தத் தைரியம்தான் எனக்குப் பிடிச்சது.

ஆனா மலைநாட்டு ஆளா எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒன்னு. கொன்ட்ரோல். வரைபடத்துல ஒரு இடம் உங்க நெறத்துல இருக்குறதும் அது உங்க கையில இருக்குறதும் ஒன்னு இல்லன்னு இந்த கேம் சொல்லுது. ஒவ்வொரு இடத்துக்கும் பூச்சியத்துல இருந்து நூறு வரைக்கும் ஒரு அளவு. தலைநகருக்குப் பக்கத்துல கூட, தூரம் போகப் போகக் குறையும். ஆறு இருந்தா, கடலோரமா இருந்து உங்ககிட்ட கப்பலும் இருந்தா, ரோடு போட்டா, அரசாங்கத்தோட கை நீளும். மலை குறுக்க வந்தா கை சுருங்கும். அளவு கொறஞ்ச இடத்துல இருந்து வரியும் ஒழுங்கா வராது, படைக்கு ஆளும் வராது, படத்துல மட்டும் உங்க நாடு பெருசாத் தெரியும். அதனால சும்மா ஊர் ஊராப் புடிச்சிக்கிட்டே போறதுல லாபம் இல்ல, இது இந்த வகை கேம்கள்ல பெரிய மாத்தம், ஏன்னா பழசுல எல்லாம் புடிக்கிறதுதான் விளையாட்டே.

இப்ப இத நம்ம தீவுல பொருத்திப் பாருங்க. போர்த்துக்கீசர் 1505ல வந்தாங்க. கடலோரம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமா அவங்க கைக்குப் போச்சு, கோட்டே போச்சு, 1619ல யாழ்ப்பாணமும் போச்சு. அப்புறம் டச்சுக்காரன் வந்து 1658ல போர்த்துக்கீசர மொத்தமா வெளியேத்துனான். 1796ல வெள்ளைக்காரன். மூணு பேருமே அந்தக் காலத்துல கடல்ல பெரிய கைகாரன்கள். ஆனா கண்டி மட்டும் 1815 வரைக்கும் நின்னுச்சு. பள்ளிக்கூடத்துல இதுக்குக் காரணமா ராசாமாரோட வீரத்த மட்டும்தான் சொல்லித் தந்தாங்க. வீரம் இருந்துச்சுதான், இல்லன்னு சொல்லல, ஆனா கப்பல் ஏறுற மலை எங்கயும் இல்லயே. கேம் கணக்குல சொன்னா கடலோரம் பூராவும் அவங்க கொன்ட்ரோல் உச்சத்துல இருக்கு, மலை வாசல்ல இருக்குற பலன, கடுகண்ணாவைப் பக்கம் ஏறத் தொடங்குன உடனே பூச்சியத்துக்கு எறங்குது.

1638 மார்ச்ல நடந்தத எடுங்க. போர்த்துக்கீசத் தளபதி தியோகு த மெல்லோ படையோட மேல ஏறி கண்டிக்குள்ள போறான், ஊர்ல ஆளே இல்ல, எரிச்சிட்டுத் திரும்புறான். திரும்புற வழியில பேராதனைக்குப் பக்கத்துல கன்னொறுவையில வச்சி இரண்டாம் இராசசிங்கனோட ஆளுங்க சுத்தி வளைக்கிறாங்க. தப்புனது விரல் விட்டு எண்ணுற ஆளுங்கதான். இன்னைக்கு விவசாயத் திணைக்களத்து ஆராய்ச்சித் தோட்டம் இருக்கே, நாத்துக் கன்னு வாங்கப் போவமே, அதே கன்னொறுவைதான். 1803லயும் இதே கதை. வெள்ளைக்காரப் படை வெறிச்சுன்னு கெடந்த கண்டிக்குள்ள போயி, முத்துசாமின்னு ஒரு ஆள பொம்மை ராசாவா உக்கார வச்சிட்டு, கொஞ்சப் பேர காவலுக்கு விட்டுட்டு எறங்கிப் போயிட்டாங்க. சாப்பாடு போய்ச் சேரல, காய்ச்சல் வந்து ஆளுங்க விழுந்தாங்க, ஜூன் மாசம் மேஜர் டேவி சரணடைஞ்சான், அவனோட ஆளுங்கள்ல அனேகமா எல்லாரையும் முடிச்சிட்டாங்க. கேம்ல மலைக்குள்ள படைய அனுப்பி, சாப்பாடு தீந்து, ஒரு சண்டை கூடப் போடாம ஆள் எண்ணிக்கை கரையிறத உக்காந்து பாத்தவனுக்கு மேஜர் டேவியோட நெலம டக்குன்னு வெளங்கும்.

அப்ப 1815ல எப்படி விழுந்துச்சு? அதுக்கும் கேம்ல ஒரு பகுதி இருக்கு. நாட்டுக்குள்ள பிரபுக்கள், மதத்தார், வியாபாரிகள், பொதுசனம்னு கூட்டம் கூட்டமா இருப்பாங்க, ஒவ்வொரு கூட்டத்துக்கும் எவ்வளவு பலம், எவ்வளவு திருப்தின்னு ஒரு கணக்கு. சலுகை குடுத்தா சந்தோஷப்படுவாங்க, ஆனா உங்க முடியோட பலம் கொறையும். சலுகையப் பறிச்சா முடிக்குப் பலம், அவங்க முகத்தத் திருப்பிக்குவாங்க. ரொம்பத் திருப்புனா நாடு ரெண்டாகும். கண்டியில 1739ல இருந்து ஆண்டது நாயக்கர் வம்சம், மதுரைப் பக்கத்து ஆளுங்க. ரதலன்னு சொல்ற கண்டிப் பிரபுக்களுக்கு ஆரம்பத்துல இருந்தே ஒரு புகைச்சல். கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் பௌத்தத்துக்கு எவ்வளவோ செஞ்சாரு, சீயத்துல (இன்னைக்குத் தாய்லாந்து) இருந்து பிக்குமாரக் கூப்பிட்டு, உபசம்பதாங்கிற பிக்குமாரோட உயர் தீட்சைய 1753ல திரும்ப ஆரம்பிச்சு வச்சாரு, அப்படி இருந்தும் 1760ல பிரபுக்களும் சில பிக்குமாரும் சேந்து அவரக் கொல்லத் திட்டம் போட்டாங்க. கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் காலத்துல எஹெலபொலன்னு ஒரு பெரிய பிரபு வெள்ளைக்காரன் பக்கம் போனாரு, அவரோட பொண்டாட்டி புள்ளைங்கள ராசா கொன்னாரு, அதோட எல்லாம் முடிஞ்சிருச்சு. 1815 மார்ச் 2ல பிரபுமாரே ஒப்பந்தத்துல கையெழுத்து வச்சி நாட்டக் குடுத்தாங்க, ராசாவ வேலூருக்கு அனுப்புனாங்க. மலை தோக்கல. உள்ளுக்குள்ள இருந்த கூட்டத்தோட திருப்திதான் பூச்சியத்துக்குப் போச்சு.

பிறகு வெள்ளைக்காரன் செஞ்ச முதல் பெரிய வேலை என்ன? ரோடு. 1818 ஊவா கலகத்த அடக்குன கையோட, கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்துல இராசகாரியம்னு கூலி இல்லாம ஊர்ச் சனத்தப் புடிச்சி கொழும்பு கண்டி ரோட்ட வெட்டுனாங்க. கடுகண்ணாவையில அந்தக் கோபுரம் நிக்குதே, அது அந்த ரோட்ட வெட்டுன கெப்டன் டோசனுக்குக் கட்டுனது. கேம்லயும் மலைய அடக்க வேற வழி இல்ல, காசக் கொட்டி ரோடு போடணும், நானே ஒவ்வொரு தடவையும் கப்பல் கட்டுறதுக்கு முன்னாடி ரோடுதான் போடுறேன். ரோடுன்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல, 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல மண் சரிஞ்சி, ரோடும் ரயில் பாதையும் போயி, எத்தன தோட்டம் நாள்கணக்குல தனியாக் கெடந்துச்சு. அந்த நேரத்துல அரசாங்கத்தோட கை எங்க வரைக்கும் நீண்டுச்சுன்னு அனுபவிச்ச ஆளுங்க நாம.

குறையும் சொல்லணும், இல்லன்னா கம்பெனிக்காரன் காசு குடுத்துட்டான்னு நெனப்பீங்க. கம்ப்யூட்டர் நல்லதா வேணும், 16 ஜிபி ராமாவது இல்லன்னா கிட்டப் போகாதீங்க, இருந்தாலும் 1600க்கு அங்கால நாள் நகர்றதே பெரும்பாடு. ஜன்னலுக்குள்ள ஜன்னல், விளக்கத்துக்குள்ள விளக்கம், எங்க என்ன இருக்குன்னு பழகவே வாரக்கணக்கா ஆகும். வியாபாரம், வரின்னு சில வேலைகள கம்ப்யூட்டர்கிட்டயே ஒப்படைக்கலாம், புதுசா வர்றவங்க கண்டிப்பா அப்படிச் செய்ங்க, வெக்கப்பட ஒன்னும் இல்ல. வந்த பிறகு அடிக்கடி பேட்ச் விட்டாங்க, நல்லதுதான், ஆனா நேத்து பழகுன கணக்கு இன்னைக்கு மாறிப் போயிருக்கும். எதிராளி நாடுகளும் சில நேரம் என்ன செய்றோம்னு தெரியாம மந்தம் புடிச்ச மாதிரி நிக்கும். எல்லாமே ஆங்கிலம், இல்லன்னா வேற பெரிய மொழிகள், தமிழ் இல்ல. நம்ம பசங்கள்ல பாதிப் பேர் யூடியூப்பப் பாத்து, வொட்சப்ல ஒருத்தனுக்கு ஒருத்தன் வொய்ஸ் போட்டுத்தான் படிச்சிருக்காங்க, ஏஎல்ல வரலாறு எடுத்த ஒரு பையன் இருந்தா அந்த குரூப்புக்கு அவன்தான் வாத்தியார்.

விலையும் ஒரு விஷயம். கேம் வந்தப்ப அமெரிக்காவுல 60 டொலர், அத அப்ப நம்ம காசுக்கு மாத்துனா சுமார் 18,000 ரூபா. கேம் வந்த நேரம் தோட்டத்துல அடிப்படை நாட்சம்பளம் 1,350, அப்ப பதிமூணு நாள் வேலைக்குப் பேர் விழுந்தாலும் காசு பத்தாது. வீட்டுல அம்மா மலைக்குப் போய் கொழுந்து எடுக்க, புள்ள இந்த விலைக்கு கேம் வாங்குறதான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, தள்ளுபடி வர்ற வரைக்கும் பொறுங்கன்னுதான் சொல்வேன், கேம் விக்கிற ஸ்டீம்ங்கிற இணையக் கடையில எப்பயும் வரும்.

இன்னொன்னு, நம்ம கதை இந்த கேம்ல கிட்டத்தட்ட இல்ல. கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் ஆரம்பிச்சது 1820கள்ல, கேம் 1837ல முடியுது. நம்ம பாட்டன் பூட்டன் கூட்டங்கூட்டமா மன்னாருக்கு வந்து எறங்கி, காடு வழியா மாத்தளைக்கு நடந்து, வழியிலயே எத்தனையோ பேர் செத்தது எல்லாம் பெரும்பாலும் அதுக்கப்புறம்தான். அந்தக் காலத்துக்கு பாரடொக்ஸ்ல விக்டோரியா 3ன்னு வேற கேம் இருக்கு, 2022ல வந்தது, 1836ல இருந்து 1936 வரைக்கும். அதுலயும் சனக் கணக்கு உண்டு, தேயிலைத் தோட்டமும் உண்டு, பட்டனத் தட்டுனா தோட்டம் எழும்பும். ஆனா அதுல சனம் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போறதுக்குக் காரணம் அங்க வாழ்க்கை இதவிட நல்லா இருக்குங்கிறது. நல்லா இருக்கும்னு நம்பித்தான் நம்மாளுங்களும் வந்தாங்க, அது சரி. வந்த பிறகு எது புடிச்சு வச்சிச்சு? ஆள் சேத்துக் கூட்டிட்டு வந்த கங்காணி குடுத்த முன்பணம். துண்டுன்னா இவ்வளவு கடனக் கட்டுனா ஆள விடுறோம்னு தோட்டம் எழுதிக் குடுக்குற சீட்டு, அது இல்லாம அடுத்த தோட்டத்துல பேர் பதிய மாட்டாங்க, புதுத் தோட்டத்துக்காரன் கடனக் கட்டி ஆள எடுத்தா அந்தக் கடன் இவன் தலையிலயே திரும்ப ஏறும். அந்தத் துண்டு முறைய சட்டம் போட்டு நிறுத்துனதே 1921லதான்.

இந்த கேம்கள மாத்தி எழுதி மோட் செய்ற பசங்க நெறைய இருக்காங்க, ஃபைல் எல்லாம் தொறந்துதான் கெடக்கு, நோட்பேட்ல கூட எழுதலாம். யாராவது செய்றதா இருந்தா முதல்ல அந்தக் கடன எழுதுங்க. சனக் கூட்டம் ஒவ்வொன்னுக்கும் ஒரு கடன் தொகை, அது இருக்குற வரைக்கும் எடம் மாற முடியாது, சம்பளம் கூடுனாலும் கடனும் கூடவே ஏறுற மாதிரி ஒரு கணக்கு. கோடு எழுத எனக்குப் பெருசா வராது, ஆனா கங்காணிக் கணக்கு எப்படி ஓடுச்சுன்னு கேட்டா சொல்லித் தர ஆளுங்க இன்னும் லயத்துல இருக்காங்க.